பூரானுக்குப் பயந்து அடைத்த இடைவெளி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் முழங்காலில் நின்று டைல் ஒட்டியவனுக்கு ஓய்வூதியத்தோடு இலவசமாகக் கிடைப்பது இந்த வலிதான். அப்போது போன் அடித்தது. எடுத்தால், சில்கே. நான் வேலை செய்த கம்பனியை இப்போது நடத்துபவள். என் பழைய முதலாளி ஹெர் ப்ரிங்மானின் மகள். அவள் ஜேர்மன் மொழியில் பதறியதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

"அன்ரன், நான் அப்பான்ர வீட்டிலை நிக்கிறன். இரும்பு இடுக்கி கை தவறி விழுந்து, கணப்புக்கு முன்னாலை ஒரு டைல் வெடிச்சுப் போச்சுது. அரைவாசி கழட்டியிட்டன். டைலுக்குக் கீழை இருக்கிற தளத்திலை என்னவோ அடையாளம் கீறிக் கிடக்கு. இதுக்குக் கீழை சுடுதண்ணிக் குழாய் ஏதும் போகுதோ? உளியை வைக்கவே பயமாக் கிடக்கு!"

"படம் எடுத்து அனுப்பு."

படம் வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பாதி உடைத்தெடுத்த டைல். அதன் கீழே வெளிர் நிறத் தளம். அந்தத் தளத்தில், விரல் நீளத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு சிலுவை!

நான் சிரித்த சிரிப்பில் தைலப் போத்தல் உருண்டது. குசினியிலிருந்து என் மனைவி ரெஜினா அகப்பையோடு ஓடிவந்தாள்.

"என்னப்பா, லொத்தர் விழுந்திட்டுதோ?"

"அதைவிடப் பெரிசு. என்ர சிலுவை பிடிபட்டிட்டுது!"

ரெஜினாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அகப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சில்கேக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. "குழாயுமில்லை, வயருமில்லை. அது நான் கீறினது. துணிஞ்சு கழட்டு" என்றேன். ஏன் கீறினீர்கள் என்று கேட்டாள். அது ஒரு வசனத்தில் சொல்லி முடிகிற கதையா? "கதையைச் சொல்லுங்கோ, நான் வேலையைச் செய்யிறன்" என்று போனைத் தரையில் வைத்துவிட்டு உளியை எடுத்தாள். அவளுடைய உளிச்சத்தத்துக்கு நடுவில் நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னார்ப் பக்கத்து ஆள். அகதியாக இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு தொழிலும் இல்லை. உணவகத்தில் கோப்பை கழுவினேன், பூங்காவில் இலை கூட்டினேன், பிறகு கெல்சென்கிர்ச்சனில் ஒரு சின்னக் கம்பனிக்கு டைல் பெட்டி சுமக்கப் போனேன். கணப்புகளும் அடுப்புகளும் கட்டுகிற கம்பனி அது. சுமந்தவன் பார்த்தேன், பார்த்தவன் பழகினேன். மாலை வகுப்புக்குப் போய், இரண்டு தரம் தோற்று, மூன்றாம் தரம் தொழில் தேர்ச்சிப் பத்திரமும் எடுத்தேன். படித்த கதை அவ்வளவுதான். அதைச் சொல்லி உங்களை வருத்தமாட்டேன்.

சொல்ல வேண்டியது ஹெர் ப்ரிங்மானைப் பற்றி. முதலாளியை ஜேர்மனியில் ஷெஃப் என்பார்கள். எங்கள் ஷெஃப் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மரக்கரண்டி இருக்கும். ஆம், சமையல்கட்டில் கஞ்சி துழாவுகிற மரக்கரண்டிதான்! வேலை முடிந்த தளத்துக்கு வருவார். முழங்காலில் இருப்பார். கரண்டியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டி, தலையைச் சரித்துக் கேட்பார். கீழே கலவை நிறைந்திருந்தால் சத்தம் இறுக்கமாக வரும். எங்காவது காற்றுப் புகுந்திருந்தால் வெறும் பானையைத் தட்டிய மாதிரி வரும். அப்படி வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான் கோபம். ஆனால் அவர் துடைத்து முடிப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிடும்.

வேலை பிடித்துப்போனால் எழுந்து, "பஸ்ட்" என்பார். சரியாகப் பொருந்துகிறது என்று அர்த்தம். ஒரே சொல். அதற்கு மேல் புகழ்ச்சி அவர் அகராதியில் இல்லை. அந்தச் சொல்லை வாங்குவதற்காக நாங்கள் கலவையைத் தேன் மாதிரிக் குழைத்திருக்கிறோம். மற்றவர்களுக்கு அது அவ்வப்போது கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. என் தளத்தைத் தட்டிக் கேட்பார், கரண்டியைப் பையில் செருகுவார், போய்விடுவார்.

இனிச் சிலுவைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து மேசன்மார் முதல் கல் வைக்கும்போது மேசன் கரண்டியின் முனையால் கலவையில் ஒரு சிலுவை கீறிவிட்டுத்தான் தொடங்குவார்கள். வீட்டுக்காரர் சைவமென்றால் பிள்ளையார் சுழி. எதுவும் போடாமல் தொடங்கினால் வேலை விளங்காது என்பது நம்பிக்கை. நான் இங்கே வந்தும் அதை விடவில்லை. கணப்புக்கு முன்னே நெருப்புப்பொறி விழுகிற இடத்தில் டைல் பதிப்பதற்கு முதல்நாள், மட்டம் பார்த்து ஒரு கலவை ஊற்றுவோம். அது நகம் பதிகிற பருவத்துக்கு வந்ததும், யாரும் பார்க்காத நேரம், முதல் டைல் வருகிற இடத்தில் ஆணியால் ஒரு சிலுவை கீறிவிடுவேன். முதல் டைல் எப்போதும் அடுப்புக்கு நேர் முன்னே, நடுவில் வரும். மறுநாள் சாம்பல் நிறப் பசை அந்தக் கீறலை நிரப்பிக்கொள்ளும், டைல் அதை மூடிக்கொள்ளும். ஆண்டவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் என்று நினைத்திருந்தேன். என்னோடு வேலை செய்த எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்குத்தான் தெரியாது!

அந்த நாட்களில் நான் ஊவே என்ற தொழிலாளிக்கு உதவியாள். நல்ல கைகாரன், ஆனால் பத்திரங்களில் மகா அலட்சியம். வேலைத்தாளில் தன் பெயரை மட்டும் கிறுக்கிவிட்டுப் போவான். என் பெயரை எழுத மறந்துவிடுவான். அவன் மேல் ஏற்கனவே இரண்டு முறைப்பாடுகள் இருந்தன. மூன்றாவது வந்தால் வேலை போகும் என்று ஷெஃப் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான்.

மூன்றாவதும் வந்தது. ஃப்ராவ் கெஸ்லர் என்ற ஆசிரியையின் வீட்டில், கணப்புக்கு முன் வரிசையில் மூன்று டைல்கள் வெடித்துவிட்டன. ஊவே மூன்று குளிர்காலத்துக்கு முன் போட்டவை என்று வேலைத்தாள் சொன்னது. கெல்சென்கிர்ச்சனில் எது வெடித்தாலும் பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் பழி போடுவது வழக்கம். சுவர் பிளந்தாலும் சுரங்கம், கதவு இறுகினாலும் சுரங்கம். ஊவேயும் அதையே சொன்னான். ஷெஃப் கண்ணாடியைத் துடைத்தார்.

"அன்ரன், நீ போய்க் கழட்டு. காரணத்தைக் கண்டுபிடி. பன்னிரண்டு மணிக்கு நான் வருவன். ஊவேயை வேலையாலை நிப்பாட்டுற கடிதம் மேசையிலை கிடக்கு. நீ சொல்லுறதைப் பார்த்துத்தான் கையெழுத்து."

ஒரு மனிதனின் வேலையை என் உளி முனையில் கட்டிவிட்டார்! உண்மையைச் சொன்னால் எனக்குப் பயத்தைவிடப் பரபரப்புத்தான் அதிகம். முதல் முறையாகத் தனியாக, ஒரு துப்பறிகிறவனைப் போல அனுப்பப்படுகிறேன். ட்ராமில் நின்றபடியே கருவிகளை இரண்டு தரம் எண்ணினேன்.

ஃப்ராவ் கெஸ்லர் வீட்டு டைல்கள் கடும் பச்சை. அந்த வகையை இப்போது யாரும் செய்வதில்லை. நிலவறையில் மிச்சமாக நாலே நாலு வைத்திருந்தார். மூன்று உடைந்தவை, நாலு புதியவை. பக்கத்து டைல் ஒன்று காயப்பட்டால் சமாளிக்கலாம், இரண்டு என்றால் முடிந்தது கதை. "என்ர அம்மாவின்ர பிறந்தநாளுக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருகினம். நெருப்பு மூட்டோணும்" என்று கோப்பியைக் கையில் தந்துவிட்டு, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உடைந்த டைலைக் கழற்றுவதில் அவசரக்காரனுக்கு இடமில்லை. முதலில் நல்ல டைல்களின் விளிம்பெல்லாம் நாடா ஒட்டினேன். பிறகு உடைந்ததைச் சுற்றியிருக்கும் இணைப்புச் சாந்தைச் சுரண்டி எடுத்தேன். நாலு பக்கமும் விடுதலை கிடைக்காமல் டைலைத் தொட்டால் அது போகும்போது அயலவனையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு துளைக்கும் மெஷினை மெதுவாக ஓடவிட்டு, மூலைக்கு மூலை வரிசையாகத் துளை போட்டேன். உளியை நடுவில் வைத்து வெளிப்பக்கமாகத் தட்டினேன். எப்போதும் நடுவிலிருந்து விளிம்புக்கு. விளிம்பிலிருந்து நடுவுக்குப் போனவன் கெட்டான். முதலாவது டைல் பிஸ்கட் மாதிரித் துண்டு துண்டாக வந்தது. இரண்டாவதும் வந்தது. பக்கத்து டைல்களில் ஒரு கீறலும் இல்லை! ஃப்ராவ் கெஸ்லர் கைதட்டினார். நான் அந்தக் குளிரிலும் வியர்த்து, ராஜா மாதிரி நிமிர்ந்தேன்.

மூன்றாவது, நடு டைல். அதையும் எடுத்துவிட்டு, பழைய பசையைச் சுரண்டினேன். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. இன்னும் சுரண்டினேன். குறுக்கே இன்னொரு கோடு.

என் சிலுவை!

உளி கையிலேயே நின்றுவிட்டது. அந்த வட்டாரத்து வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அதனால் அதுவரை எனக்கு இந்த வீடு நினைவில் இல்லை. சிலுவையைக் கண்டதும் எல்லாம் வெள்ளமாக வந்தது. அன்றைக்கு ஊவே பல் வைத்தியரிடம் ஓடினான். டைல்களுக்கும் அடுப்பின் கல்லுக்கும் நடுவே ஒரு விரலளவு இடைவெளி விட்டிருந்தான். நான் துப்புரவு செய்யும்போது அதைப் பார்த்தேன். எங்கள் ஊரில் சுவரோரம் இடைவெளி விட்டால் அதற்குள் எறும்பு வரும், பூரான் வரும், அதைத் தேடிப் பாம்பும் வரும். பாவம், ஊவே பல்வலியில் மறந்துபோனான், அவனுக்கு ஒரு உதவி செய்வோம் என்று அதைச் சீமெந்தால் நிரப்பி, விரலால் வழித்து, அழகாக முடித்துவிட்டேன். மறுநாள் ஊவேயை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்த இடைவெளி மறதி இல்லை என்பது பிறகு மாலை வகுப்பில்தான் எனக்குத் தெரிய வந்தது. நெருப்பு மூட்டினால் அடுப்பின் கல் சூட்டில் விரியும். விரிய இடம் வேண்டும். அதற்காகத்தான் அங்கே சூடு தாங்குகிற மெத்தென்ற கயிறு ஒன்றை மட்டும் வைப்பார்கள். நான் இடத்தை அடைத்ததால் கல் மூன்று குளிர்காலமாக டைலை நெருக்கி நெருக்கி உடைத்திருக்கிறது. சுரங்கமுமில்லை, ஊவேயுமில்லை. குற்றவாளி நான். துப்பறிய வந்தவன் என் காலடித் தடத்தையே கண்டுபிடித்துவிட்டேன்!

மணியைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு இருபது நிமிடம். ஃப்ராவ் கெஸ்லர் குசினிக்குப் போயிருந்தார். கையில் சுரண்டி இருந்தது. நாலு இழுப்பு இழுத்தால் சிலுவை தூளாகிவிடும். வேலைத்தாளில் என் பெயர் இல்லை, அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்த ஃப்ராவ் கெஸ்லர் என்னைக் கண்டதும் இல்லை. நான் அங்கே வேலை செய்ததற்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதேநேரம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் வதிவிட அனுமதிக்கான அந்திராக், அதுதான் விண்ணப்பம், முடிவுக்குக் காத்திருந்தது. நிரந்தர வேலை இருக்கிறது என்று ஷெஃப் தருகிற கடிதம்தான் அதற்கு உயிர். வேலை போனால் நான், ரெஜினா, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் அந்தரத்தில் தொங்குவோம். ஊவேக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

சுரண்டியைச் சிலுவையின் மேல் வைத்தேன். வைத்ததை மறைக்கமாட்டேன். ஆனால் கை இழுக்கவில்லை. தொடங்கும்போது ஆண்டவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டு, முடியும்போது அவரைச் சுரண்டி எறிய ஏலுமா? சுரண்டியைத் தூக்கிக் கருவிப்பெட்டிக்குள் போட்டு மூடியையும் பூட்டினேன். பிறகு அந்த இடத்திலேயே இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிடத்தை நான் கண்டதில்லை.

ஷெஃப் வந்தார். குனிந்தார். சிலுவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இடைவெளியை அடைச்சது ஊவே இல்லை, ஷெஃப். நான்" என்றேன்.

"ஏன்?"

பூரானுக்கு ஜேர்மன் சொல் எனக்கு அப்போது தெரியாது. பத்து விரலையும் ஆட்டி, என் முழங்கையில் ஏறிப்போகிற மாதிரிக் காட்டினேன். வாசலில் நின்ற ஃப்ராவ் கெஸ்லர் கீச்சிட்டுக்கொண்டு ஒரு அடி பின்னால் பாய்ந்தார். ஷெஃப் சிரிக்கவில்லை. கண்ணாடியை நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஃப்ராவ் கெஸ்லரின் போனை இரவல் கேட்டார்.

"ஊவே, நான் உன்னைப் பிழையாக நினைச்சிட்டன். மன்னிச்சுக்கொள். கடிதத்தைக் கிழிக்கிறன்."

ஒரு முதலாளி தொழிலாளியிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். இனி என் தலைக்குத்தான் என்று நினைத்தேன். "வேலையைத் தொடர்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். நான் பழைய சீமெந்தை வெட்டி எடுத்து, இடைவெளியைத் திறந்து, கயிறு வைத்து, மூன்று பச்சை டைலையும் பதித்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் நெருப்பு எரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை நானும் ரெஜினாவும் தபால்காரனைப் பேயைக் கண்ட மாதிரிப் பார்த்தோம். பணிநீக்கக் கடிதம் வரவில்லை. ஒரு நாள் ஷெஃப் கூப்பிட்டு, "நாளைக்கு என்ர வீட்டுக்கு வா. என்ர கணப்புக்கு முன்னாலை தளம் போடவேணும்" என்றார். சோதனை என்று புரிந்தது. போனேன். மட்டக் கலவை ஊற்றினேன். அது இறுகும்வரை காத்திருந்தேன். ஆணி சட்டைப்பையில் இருந்தது. கீறுவதா, விடுவதா? ஷெஃப் பக்கத்தில் கதிரை போட்டுப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். வருவது வரட்டும் என்று அவருக்கு முன்னாலேயே சிலுவையைக் கீறினேன். பத்திரிகை ஒரு தரம் தாழ்ந்து, திரும்ப உயர்ந்தது.

மறுநாள் காலை போனால், முதல் டைல் ஏற்கனவே பதிக்கப்பட்டிருந்தது! ஷெஃப் தானே பதித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நின்றார். எனக்கு வந்ததே கோபம். முதல் டைல்தான் முழுத் தளத்துக்கும் கோடு கொடுப்பது. அதை என் கையில் விட அவருக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதானே! மிச்சத்தை வாயைத் திறக்காமல் போட்டு முடித்தேன். அவரும் வழக்கம்போலத் தட்டிக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் வேலைக் கடிதம் தந்தார், அனுமதி கிடைத்தது, பிள்ளைகள் படித்து ஆளானார்கள், அவரும் நாலு வருடத்துக்கு முன் காலமானார். எல்லாவற்றுக்கும் நன்றி இருந்தது. ஆனால் அந்த முதல் டைல் மட்டும் செருப்புக்குள் போன கல்லாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருடைய மரணச் சடங்கிலும் அதை நினைத்தேன். வெட்கம்தான், ஆனால் நினைத்தேன்.

இதைச் சொல்லி முடித்தபோது மறுமுனையில் உளிச்சத்தம் நின்றிருந்தது.

"அன்ரன்" என்றாள் சில்கே. "டைல் முழுக்கக் கழண்டிட்டுது. சிலுவைக்குப் பக்கத்திலை இன்னும் ஏதோ கீறிக் கிடக்கு. பாருங்கோ."

இரண்டாவது படம் வந்தது. என் சிலுவைக்கு வலது பக்கத்தில், நகம் பதிகிற பருவத்தில் அகலமான எதனாலோ கீறிய எழுத்துகள். மரக்கரண்டிக் காம்பாகத்தான் இருக்க வேண்டும். ஒரே சொல். கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி.

பஸ்ட்.

அந்தப் பாழாய்ப்போன டைலை அவர் ஏன் தன் கையால் பதித்தார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் பார்த்துவிடக் கூடாது! பாராட்டைக் கொண்டுபோய்ச் சீமெந்துக்குள் ஒளித்து வைத்த மனுசன்! நான் சிரித்தேனா அழுதேனா என்று ரெஜினாவைத்தான் கேட்க வேண்டும். காலில் சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"பொறு சில்கே! ஒண்டையும் தொடாதை! நான் வாறன்!"

"மழை கொட்டுது. முழங்காலோட எங்கையப்பா போறீங்கள்?" என்றாள் ரெஜினா.

"வேலைக்கு!"

அவள் குடையைத் தரவில்லை. தானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குடையைப் பிடித்தபடி கூடவே வந்தாள். நாங்கள் போய்ச் சேரும்போது சில்கே அந்தச் சுண்ணாம்புத் தூசிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தத் துண்டை வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்போமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர் விரும்பி வைத்த இடம் அது. அங்கேயே, நெருப்புக்கு முன்னால் கிடக்கட்டும்.

எழுத்துகளை விரலால் ஒரு தரம் தடவினேன். பிறகு முழங்காலில் இருந்தேன். இரண்டு முழங்காலும் கத்தின, கத்தட்டும் என்று விட்டேன். பசையைக் குழைத்து, சீப்புக் கரண்டியால் வாரி, புது டைலை வைத்து அமுக்கினேன். அடுப்புப் பக்கம் ஒரு விரலளவு இடைவெளி. அதற்குள் கயிறு. பூரான் வந்தால் வரட்டும்!

சில்கே உள்ளே போய் ஒரு மரக்கரண்டியோடு வந்தாள். காம்பு தேய்ந்த அதே கரண்டி. புது டைலை மெதுவாகத் தட்டினாள். அப்பாவைப் போலவே தலையைச் சரித்துக் கேட்டாள். சத்தம் இறுக்கமாக, நிறைவாக வந்தது. எழுந்து, என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"வேண்டாம், சில்கே" என்றேன். "உன்ர அப்பா சொல்லிட்டார்."